215, 245, 225: ஒரு காடியின் டயர் கணக்கு

டொயோட்டா 86 என்ற ஸ்போர்ட்ஸ் காரின் பின் இருக்கையை மடித்துப் போட்டால் ரிம்மோடு நான்கு டயர்கள் உள்ளே போகும். அது தற்செயலாகக் கிடைத்த இடம் கிடையாது. பந்தயத் திடலுக்குப் போகிறவர்கள் சாலை டயரில் ஓட்டிப் போய், அங்கே டயர் மாற்றி ஓட்டிவிட்டு, மறுபடி மாற்றிக்கொண்டு வீடு திரும்பட்டும் என்று அளவெடுத்தே விட்டுவைத்த இடம். 2018-இல், 2013-ஆம் வருடக் காடி ஒன்றைக் கைமாற்றாக வாங்கும்போதே இந்த விஷயம் எனக்குத் தெரியும். சாமான் வைக்கும் இடத்தைக்கூட டயரை மனதில் வைத்துச் செய்தவர்கள், டயரின் அகலத்தையும் யோசித்துத்தானே வைத்திருப்பார்கள் என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. மலேசியாவில் நாங்கள் காரைக் காடி என்போம், அலாய் வீலை ஸ்போர்ட் ரிம் என்போம். கட்டுரை முழுக்க அப்படித்தான் வரும். வாயில் வருவதை மாற்றி எழுத எனக்கு மனமில்லை.

காடியைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். எண்பதுகளில் டொயோட்டா விற்ற பின்சக்கர இயக்கக் கொரோலாவுக்கு ஏஇ86 என்று பெயர். அந்த நினைவில்தான் இதற்கும் 86. எஞ்சின் சிலிண்டரின் விட்டம் 86 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரமும் 86 மில்லிமீட்டர். காடியை உருவாக்கியது டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து. ஜப்பானின் குன்மா மாநிலத்தில் சுபாருவின் ஆலையில்தான் கட்டினார்கள். 1998 சிசி, டர்போ இல்லை, நிமிடத்துக்கு 7000 சுற்றில் 200 குதிரைத்திறன். 2012-இல் வெளிவந்தபோது பல விமர்சனங்கள் இரண்டு விஷயத்தைக் குறிப்பிட்டன. ஒன்று, முறுக்குவிசை போதவில்லை. இன்னொன்று, டயர். 215/45 ஆர்17 அளவில் (215 மில்லிமீட்டர் அகலம், பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் 45 சதவீதம், ரிம் 17 அங்குலம்) மிஷலின் பிரைமசி எச்பி. பிரியஸிலும் வந்த டயர். எண்ணெய் மிச்சப்படுத்தும் குடும்பக் காடிக்குப் போடும் டயரைக் கொண்டுவந்து ஸ்போர்ட்ஸ் காடிக்குப் போட்டுவிட்டார்கள் என்று பலரும் குறைப்பட்டார்கள்.

தலைமைப் பொறியாளர் தெட்சுயா தாடா இதைத் தெரிந்தேதான் செய்தார். டர்போ வேண்டாம், நான்கு சக்கர இயக்கம் வேண்டாம், பிடிப்பு அதிகமுள்ள விசேஷ டயர் வேண்டாம் என்று அவர் முதலிலேயே முடிவெடுத்துவிட்டார். காரணம் எளிமையானது. 200 குதிரைத்திறனுக்கு அகலமான டயரைப் போட்டால், பின்பக்கம் அசைந்துகொடுக்கவே மிகுந்த வேகம் தேவைப்படும். ஒல்லியான டயர் போட்டால் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வேகத்திலேயே காடி மெல்ல வழுக்கும், மெல்லவே திரும்பி வரும். சாதாரண ஓட்டுநர் சாதாரண வேகத்தில் காடியோடு விளையாடலாம். இதெல்லாம் நான் படித்ததுதான். படித்தது வேறு, காசு செலவழித்துத் தெரிந்துகொண்டது வேறு.

ஏன் மாற்றினேன் என்றால், பார்க்க நன்றாக இல்லை. வேறு காரணம் சொன்னால் பொய். பின்னாலிருந்து பார்த்தால் 86-இன் இடுப்பு அகலமானது. சக்கரத்துக்கு மேலே வளையும் தகடு, அதாவது ஃபெண்டர், அழகாகப் புடைத்திருக்கும். அதற்குள்ளே அசல் ரிம் இரண்டு விரல் உள்வாங்கி, பெரிய அண்ணனின் சட்டையைப் போட்ட சின்னப் பையன் மாதிரி நிற்கும். தினமும் வேலை முடிந்து வாகன நிறுத்துமிடத்தில் அதைப் பார்க்கும்போது மனது உறுத்தும். அப்போதுதான் தெரிந்தவர் ஒருவர் மூலமாக ஒரு செட் ஸ்போர்ட் ரிம் வந்தது. 17 அங்குல விட்டம், 9 அங்குல அகலம், ஆஃப்செட் 35. கூடவே 245/40 ஆர்17 டயர், பாதிக்கு மேல் பூ (டயரின் மேற்பரப்பில் வெட்டியிருக்கும் பள்ளக் கோலம்) மிச்சம். விலையும் கைக்கு அடக்கம். யோசிக்காமல் வாங்கினேன்.

யோசித்திருந்தால் ஒரு காகிதத்தில் இரண்டு நிமிடம் கணக்குப் போட்டிருப்பேன். ஆஃப்செட் என்பது, ரிம்மின் அகலத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் கோட்டுக்கும், ரிம் போய் ஹப்பில் (சக்கரத்தைத் தாங்கிச் சுழலும் மையத்தில்) பதியும் முகத்துக்கும் உள்ள தூரம். மில்லிமீட்டரில் சொல்வார்கள். எண் குறையக் குறைய ரிம் வெளியே தள்ளிக்கொண்டு வரும். என் காடியின் அசல் ரிம் 17-க்கு 7, ஆஃப்செட் 48. புதியது இரண்டு அங்குலம் கூடுதல் அகலம். அதாவது பக்கத்துக்கு 25.4 மில்லிமீட்டர். அதோடு ஆஃப்செட்டில் 13 மில்லிமீட்டர் வித்தியாசம். உள்பக்கம் 25.4-இல் 13 போக 12.4 மில்லிமீட்டர் கூடியது. வெளிப்பக்கம் 25.4-உம் 13-உம் சேர்ந்து 38.4. ரிம்மின் விளிம்பு ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர் வெளியே வந்துவிட்டது. உயரத்தைப் பொறுத்தவரை அந்த டயர் நல்ல தேர்வு. 215/45-இன் மொத்த விட்டம் 625 மில்லிமீட்டர், 245/40-இன் விட்டம் 628. வேகமானி தப்பாகக் காட்டாது, கியர் விகிதம் கெடாது. உயரம் சரியாக இருந்ததால்தான் அகலமும் சரியாக இருக்கும் என்று நம்பினேனோ என்னவோ.

கிள்ளானில் ஒரு டயர் கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம். நான்கு ரிம்களையும் காடிக்குள்ளேயே ஏற்றிக்கொண்டு போனது மட்டும் பெருமையாக இருந்தது. கடைக்காரர் ரிம்மைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பழைய நட்டு இதுக்குச் சேராது தம்பி, புதுசு போடணும்" என்றார். அது சரியான பேச்சு. அசல் ரிம்முக்கான நட்டை வேற்று ரிம்மின் குறுகிய துளைக்குள் விட முடியாமல் போவது உண்டு. அவர் ஒரு பெட்டியை எடுத்துக்கொடுக்க, வேலை செய்யும் பையன் முதல் நட்டை விரலால் இரண்டு சுற்று சுற்றினான். இறுகியது. உடனே நட்டு முடுக்கும் கருவியான இம்பாக்ட் கன்னை வைத்து அழுத்தினான். அந்தச் சத்தம் மாறியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. வழக்கமாக டர்ரென்று ஓடிப் போய் டக்கென்று நிற்கும். இது முதல் நொடியிலிருந்தே கட்டைக் குரலில் முனகியது.

"அண்ணே, நிறுத்தச் சொல்லுங்க, என்னமோ சரியில்ல" என்றேன்.

"டொயோட்டாதானே தம்பி? டொயோட்டாவுக்கு எல்லாம் ஒரே நட்டுதான்."

டொயோட்டாவின் மற்ற காடிகளில் பெரும்பாலும் 12 மில்லிமீட்டர் ஸ்டட் (ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும், நட்டு ஏறும் திருகாணி), மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர். என் காடி பிறந்தது சுபாருவின் ஆலையில், ஹப் சுபாருவுடையது. ஸ்டட் அதே 12 மில்லிமீட்டர்தான், மரை இடைவெளி 1.25. நட்டைக் கழற்றியபோது ஸ்டட்டின் மரையிலிருந்து வெள்ளி நூல் மாதிரி ஒரு சுருள் கூடவே வந்தது. ஒரு ஸ்டட் போயிற்று. அதை அடித்து எடுத்துப் புதிது போட ஒரு நாள். காடியின் முகப்பில் என்ன சின்னம் இருக்கிறது என்பது நட்டுக்குத் தெரியாது. இந்தக் காடியையோ இதன் இரட்டைப் பிறவியான சுபாரு பிஆர்இசட்டையோ வைத்திருப்பவர்கள் டயர் கடைக்குள் நுழைந்ததும் முதலில் சொல்லவேண்டியது இந்த 1.25-ஐத்தான்.

மறுநாள் ரிம் ஏறியது. பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. ஃபெண்டரை நிறைத்துக்கொண்டு, தரையைப் பிடித்துக்கொண்டு, நான் கற்பனை செய்த அதே தோற்றம். ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஏறி 95-ஐத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்தது. பேலன்சிங் மறுபடி பார்த்தார்கள், சரியாக இருந்தது. பிரச்சினை நடுத்துளையில். 86-இன் ஹப் 56.1 மில்லிமீட்டர். கடையில் விற்கும் ரிம்கள் பல காடிகளுக்கும் பொருந்தட்டும் என்று நடுத்துளையைப் பெரிதாக விட்டிருப்பார்கள். என்னுடையது 73.1. அந்த இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் என்று ஒரு மெல்லிய வளையம் வேண்டும். இல்லாவிட்டால் ரிம் ஹப்பில் உட்காராமல் ஐந்து நட்டுகளின் தயவில் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு முடி அளவு நடு விலகினாலும் கையில் தெரிந்துவிடும். நான்கு வளையம் வாங்கிப் போட்டதும் நடுக்கம் நின்றது. இவ்வளவு மலிவான சாமான் இவ்வளவு பெரிய வேலை செய்வதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அடுத்தது உரசல். தனியாக ஓட்டும்போது ஒன்றும் இல்லை. அக்காவையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு பத்துமலைக்குப் போன அன்று, ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்னாலிருந்து துணி கிழிகிற மாதிரி சத்தம். அம்மா ஒவ்வொரு முறையும் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டார். அன்று மாலை வீட்டு வாசலில் சாக்பீஸ் எடுத்து, ஃபெண்டரின் உள்விளிம்பு முழுக்க வெள்ளையாகத் தேய்த்தேன். டயரின் தோளிலும் ஒரு பட்டை. பின்னால் அரிசி மூட்டை இரண்டைப் போட்டுக்கொண்டு தாமானை (எங்கள் குடியிருப்புப் பகுதியை) ஒரு சுற்று சுற்றிவந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கடிகாரத்தில் பதினோரு மணி இருக்கும் இடத்திலிருந்து ஒரு மணி இருக்கும் இடம்வரை சாக்பீஸ் துடைத்துவிட்டது போல் போயிருந்தது. டயரின் தோளில் கத்தி கீறியது போல ஒரு கோடு, நகம் பதிகிற ஆழம். ஃபெண்டர் விளிம்பு ஒரு மடித்த தகடு, அது வாள் மாதிரிதான். முழு வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கியிருந்தால் டயரின் பக்கச் சுவரே பிளந்திருக்கும்.

அந்த விளிம்பைச் சூடாக்கி உருளையால் மேலே மடித்துவிடலாம், ஃபெண்டர் ரோலிங் என்பார்கள். சக்கரத்தின் மேற்பக்கத்தை உள்ளே சாய்க்கலாம். நான் இரண்டும் செய்யவில்லை. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் டயரை ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அதிகாரிகள் சாலைத் தடுப்பில் நிறுத்திப் பார்ப்பார்கள் என்ற பயம் ஒரு பக்கம். ஒரு தப்பான அளவைச் சரிக்கட்ட நல்ல தகட்டை வளைப்பதில் எனக்கு உடன்பாடில்லை என்பது இன்னொரு பக்கம். தற்காலிகமாக, பின்னால் யாரையும் ஏற்றுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். ஆறு மாதம் ஓட்டினேன்.

அந்த ஆறு மாதத்தில்தான் உண்மையான வித்தியாசம் தெரிந்தது. உலு யாம் சாலையில் தெரிந்தது.

பத்துமலையைத் தாண்டி, பத்து அணைக்கட்டை ஒட்டி மேலே ஏறும் அந்தப் பழைய சாலையை கோலாலம்பூர்க் காடிப் பிரியர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். மூங்கிலும் மரமும் மூடிய வளைவுக்கு மேல் வளைவு. ஞாயிறு விடியற்காலையில் சைக்கிள்காரர்கள் வருவதற்கு முன் நான் அங்கே போவேன். வேகமாக ஓட்ட இல்லை, அறுபதுக்கு மேல் அங்கே தேவையும் இல்லை. அசல் டயரில் அந்த அறுபதிலேயே எல்லாம் நடக்கும். வளைவில் திருப்பும்போது ஸ்டியரிங் கொஞ்சம் கனக்கும், டயர் மெல்ல முனகும், பிடிப்பு தீரப்போகிறது என்றால் அந்தக் கனம் லேசாகும். கை அதைப் படித்துவிடும். ஆக்சிலரேட்டரைத் தூக்கினால் மூக்கு உள்ளே வரும், மிதித்தால் பின்பக்கம் ஒரு சாண் வெளியே போய்த் திரும்பும். காடி ஒவ்வொரு வளைவிலும் ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கும்.

245-இல் அது ஊமையாகிவிட்டது. அறுபதில் திருப்பினால் தண்டவாளத்தில் போவது போல் போகும். எண்பதிலும் அப்படியே. சத்தம் இல்லை, கனம் மாறவில்லை. டயருக்கு இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எனக்குத் தெரிய வழியே இல்லை. தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் பொதுச்சாலையில் போகக்கூடாத வேகத்தில் போகவேண்டும். அதே சமயம் சமதளச் சாலையில் ஸ்டியரிங் தானாக இழுக்கத் தொடங்கியது. லாரிகள் ஓடிக் குழிந்த தடத்தில் சக்கரம் விழுந்தால் காடி அந்தத் தடத்தின் பின்னாலேயே போகப் பார்க்கும். இரண்டு கையாலும் பிடிக்கவேண்டும். சக்கரத்தை 13 மில்லிமீட்டர் வெளியே தள்ளியதற்கான விலை அது. ஸ்டியரிங் திரும்பும் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரத்தைக் காடியை உருவாக்கியவர்கள் கணக்குப் பார்த்து வைத்திருந்தார்கள், அதை நான் கலைத்துவிட்டேன்.

ஒரு நாள் குளியலறைத் தராசைக் கொண்டுவந்து நிறுத்தினேன். அசல் ரிம்மும் டயரும் சேர்ந்து பதினெட்டரைக் கிலோ. புதிய செட் இருபத்திரண்டு. சக்கரத்துக்கு மூன்றரைக் கிலோ கூடுதல், நான்குக்கும் பதினான்கு. பின் இருக்கையில் பதினான்கு கிலோ அரிசி மூட்டை வைத்தால் தெரியாது. சுழலும் சக்கரத்தில், ஸ்பிரிங்குக்குக் கீழே வைத்தால், ஒவ்வொரு சமிக்ஞை விளக்கிலிருந்து கிளம்பும்போதும், ஒவ்வொரு மேடுபள்ளத்திலும் தெரியும். 205 நியூட்டன் மீட்டர் மட்டுமே உள்ள எஞ்சினுக்கு அது சுமைதான்.

செப்பாங் பந்தயத் திடலைப் பற்றியும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் அந்த டயருக்கு அநியாயம் செய்தவனாவேன். 5.543 கிலோமீட்டர் திடலில், யார் வேண்டுமானாலும் சொந்தக் காடியை ஓட்டக்கூடிய திறந்த நாள் ஒன்றில், அந்த 245-ஐ ஓட்டினேன். அங்கே அது வேறு பிறவி. பிரேக்கைப் பிந்தி மிதிக்கலாம், நீளமான வலது வளைவுகளில் காலை எடுக்காமல் போகலாம், நான்காவது சுற்றிலும் டயர் குழையவில்லை. அசல் டயர் இரண்டு சுற்றிலேயே வெந்து வழியத் தொடங்கும். அகலமான டயர் சூட்டைப் பரப்பித் தாங்குகிறது. மாதத்துக்கு ஒருமுறை திடலுக்குப் போகிறவர் அகலத்தைக் கூட்டுவதில் முழு நியாயம் இருக்கிறது. நான் வருடத்துக்கு ஒருமுறை போகிறவன்.

முடிவெடுக்க வைத்தது மழை.

பெந்தோங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, காராக் நெடுஞ்சாலையில் பிற்பகல் திரும்பிக்கொண்டிருந்தேன். கெந்திங் செம்பா சுரங்கத்துக்கு முன்னால், ஏறுமுகத்தில், வானம் உடைந்து கொட்டியது. வேகம் எண்பதுக்குச் சற்று மேல். வலது தடத்தில் ஓரமாகத் தண்ணீர் தேங்கியிருந்தது. அதில் ஏறியதும் ஸ்டியரிங் காகிதம் போலாகிவிட்டது. கையில் எடையே இல்லை. எஞ்சின் சுற்று ஒருமுறை தானாக எகிறியது. பின்சக்கரமும் தரையை விட்டுவிட்டது என்று அர்த்தம். ஸ்டியரிங்கை அசைக்காமல், பிரேக்கைத் தொடாமல், காலை மெதுவாக எடுத்தேன். இரண்டு விநாடி இருக்கும். தரை திரும்பக் கிடைத்தது. எதுவும் ஆகவில்லை. அதே சாலையில் அதே மாதிரி மழையில் 215-ஐப் பலமுறை ஓட்டியிருக்கிறேன். தண்ணீரில் ஏறினால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து இதைத்தான் யோசித்தேன். டயர் தரையைத் தொடும் பரப்பை முக்கியமாகத் தீர்மானிப்பது அதன்மேல் இருக்கும் எடையும் உள்ளே இருக்கும் காற்றழுத்தமும். சக்கரத்துக்கு ஏறக்குறைய 310 கிலோ, காற்று 35 பிஎஸ்ஐ என்றால் சுமார் 125 சதுர சென்டிமீட்டர் வரும். டயரை அகலமாக்கினால் அந்தப் பரப்பு பெரிதாகக் கூடுவதில்லை, வடிவம்தான் மாறுகிறது. முன்பு நீளவாக்கில் இருந்தது இப்போது குறுகி, பக்கவாட்டில் பரவுகிறது. மழையில் டயர் தன் முன்விளிம்பால் தண்ணீரைப் பிளந்து தள்ளி, அதன் பின்னால் வரும் ரப்பரை உலர்ந்த தரையில் வைக்கவேண்டும். அகலமானால் தள்ளவேண்டிய தண்ணீர் அதிகம், நீளம் குறைந்ததால் அதற்குக் கிடைக்கும் நேரம் குறைவு. அதில் பாதி தேய்ந்த பூ வேறு. சட்டம் 1.6 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கிறது. என் டயரில் நான்கு இருந்தது. அந்த அகலத்துக்கு, நம் ஊர் மழைக்கு, நான்கு போதவில்லை.

அடுத்த வாரம் பழைய டயர்களை மாட்டிக்கொண்டு, அலைன்மென்ட் பார்க்கும் ஒரு சீன அங்கிளிடம் போனேன். முப்பது வருடமாக அதே குழியில் நின்று வேலை பார்ப்பவர். டயரைப் பார்ப்பதற்கு முன் நான் எங்கே ஓட்டுகிறேன், யாரை ஏற்றுகிறேன், மழையில் எவ்வளவு போகிறேன் என்று மலாயில் ஒவ்வொன்றாகக் கேட்டார். டாக்டர் கேட்பது போல. கடைசியில், முதலில் ரப்பரை மாற்று, அகலத்தைப் பிறகு பார் என்றார். அதே 215 அகலத்தில், நல்ல கலவையில் செய்த டயர் போட்டாலே நான் தேடும் பிடிப்பில் பெரும்பங்கு கிடைத்துவிடும் என்பது அவர் கட்சி. இப்போது எனக்கும் அதுதான் கட்சி. டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் மூன்று எண்களைப் பார்த்து மயங்குகிறோம். தரையைப் பிடிப்பது ரப்பர். அது எண்ணில் தெரியாது.

ஃபெண்டர் ஆசை மட்டும் எனக்குப் போகவில்லை என்பதையும் அவரிடம் சொன்னேன். அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு இரும்பு அளவுகோலை ஃபெண்டரிலிருந்து நேர்கீழே தொங்கவிட்டு, டயருக்கும் அதற்கும் உள்ள இடைவெளியை அளந்தார். உள்ளே சஸ்பென்ஷன் குழாய்க்கும் டயருக்கும் விரலை விட்டுப் பார்த்தார். அவர் தாளில் எழுதிக்கொடுத்தது: 17-க்கு 8, ஆஃப்செட் 45, டயர் 225/45. நான் வீட்டில் கணக்குப் போட்டேன். உள்ளே 9.7 மில்லிமீட்டர் கூடும், வெளியே 15.7. ஃபெண்டருக்குள்ளேயே அடங்கும். டயர் உயரம் 634, அசலைவிடக் கூடுதல் ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவு. 225/45 டயருக்கு 7 முதல் 8.5 அங்குல ரிம்வரை பொருந்தும் என்பதால் 8-இல் அது சுருங்காமலும் இழுபடாமலும் உட்காரும்.

இந்த முறை ரிம் வாங்க நான்கு மாதம் காத்திருந்தேன். பெயர்பெற்ற ஜப்பானிய வடிவங்களின் நகல்கள் நம் ஊரில் மலிவாகக் கிடைக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. எனக்கு அவை வேண்டாம். சாலைக் குழியில் அசல் ரிம் வளையும், மோசமாக வார்த்த ரிம் உடையும். வளைந்ததை ஓட்டிக்கொண்டு வீடு வரலாம். ரிம்மின் ஆரத்திலோ பின்பக்கத்திலோ ஜேடபிள்யூஎல் என்ற ஜப்பானியத் தரக்குறியும், அதைச் சோதித்து உறுதிசெய்ததற்கான வியா என்ற குறியும் இருக்கிறதா என்று பார்த்தேன். குறியைக்கூட நகலெடுப்பார்கள், அதனால் எடையையும் நிறுத்தேன். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். புதிய டயர் என்று சொல்லி மூன்று வருடம் கிடங்கில் கிடந்ததைத் தள்ளப் பார்த்தார் ஒருவர். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

225-ஐ மாட்டி முதல் ஞாயிறு உலு யாம் போனேன். அணைக்கட்டைத் தாண்டி மூன்றாவது வளைவிலேயே ஸ்டியரிங் கனத்தது. அறுபதில் இல்லை, அறுபத்தைந்தில். பிறகு அந்தக் கனம் கொஞ்சம் லேசானது. டயர் முனகியது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது என்று எழுதினால் சிலருக்கு மிகையாகப்படும். எழுதிவிடுகிறேன். காலையில் ஆறரை மணி, ஜன்னலை இறக்கியிருந்தேன், ஈரமான மூங்கில் வாசனை. காடி திரும்பப் பேசத் தொடங்கிவிட்டது.

பின்னாலிருந்து பார்த்தால் இப்போது ஃபெண்டரும் டயரும் ஒன்றுக்கொன்று பொருத்தமாக இருக்கின்றன. 245 அளவுக்கு நிறைக்கவில்லை. ஒரு விரல் உள்ளே இருக்கிறது. அக்காவும் அம்மாவும் ஏறி உட்கார அந்த ஒரு விரல் வேண்டும்.

போன மாதம் அக்கா மகன் பிஆர்இசட் ஒன்றைக் கைமாற்றாக வாங்கிக்கொண்டு வந்து நின்றான். அதே காடி, சுபாரு முத்திரை. வந்ததும் கைப்பேசியை நீட்டினான். 17-க்கு 9, ஆஃப்செட் 30. "மாமா, இதைப் போட்டா செமையா இருக்கும்ல?" என்றான். இருக்கும் என்றேன். பிறகு இரும்பு அளவுகோலைக் கொண்டுவந்து வாசலில் இருவரும் குந்தி உட்கார்ந்து நான்கு சக்கரத்தையும் அளந்தோம். வெளியே 43 மில்லிமீட்டருக்கு மேல் வரும் என்று அவனே கணக்குப் போட்டான், அவன் ஃபெண்டரில் அந்த இடம் இல்லை என்று அவனே பார்த்தான். அவன் முகம் வாடியதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. அந்த ஆசையின் எடை எனக்குத் தெரியும்.

அவன் காடியில் இருந்த டயர்களின் தேதி ஏழு வருடம் பழையது. அதை முதலில் மாற்றுவோம் என்று சொல்லி, அதே 215-இல் நல்ல ரப்பராக ஒரு செட் போன சனிக்கிழமை போட்டோம். கடைப் பையனிடம் கன்னைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, நட்டை அவன் கையில் கொடுத்தேன். விரலால் மட்டும் சுற்று என்றேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து சுற்று, தடங்கலே இல்லாமல் வெண்ணெய் போல் ஓடியது. இருபது நட்டையும் அப்படியே உட்காரவைத்து, காடியை இறக்கி, டார்க் ரெஞ்சில் (குறித்த விசை வந்ததும் கிளிக் என்று சொல்லும் ஸ்பேனரில்) 120 நியூட்டன் மீட்டர் வைத்து நட்சத்திரம் போடுவது போல் எதிரெதிராக இறுக்கினான். ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளிக். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒருமுறை இறுக்கிப் பார்க்கவேண்டும். இந்த ஞாயிறு ஐந்தரைக்கு வருகிறேன் என்றிருக்கிறான். அதை முடித்துவிட்டு அப்படியே உலு யாம் போகிறோம், அவன் ஓட்டுகிறான்.